பழைய சாமான் கடைக்கு ஆங்கிலத்தில் விவரம் எழுதுகிறேன், அட்ஜெக்டிவை எப்படி அடுக்குவது?

எனாமல்தட்டு:

வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் எங்களுக்குப் பழைய சாமான் கடை. செட்டிநாட்டு வீடு எங்கேயாவது பிரிக்கிறார்கள் என்று தகவல் வந்தால் என் வீட்டுக்காரர் போய்க் கதவு, தூண், நாற்காலி, எனாமல் தட்டு, பீங்கான் ஜாடி என்று விலை பேசி எடுத்துவருவார். துடைத்து, படம் எடுத்து, இன்ஸ்டாகிராமில் ஏற்றி, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவது என் பொறுப்பு. வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெங்களூரு, மும்பை, பாண்டிச்சேரி. தமிழில் எழுதினால் வேலைக்காகாது.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலம் படித்தால் புரியும். விலை சொல்வது, பார்சல் செலவு சொல்வது, ‘சோல்டு’ என்று போடுவது எல்லாம் ஓடிவிடும். ஆனால் ஒரு சாமானை விவரிக்க உட்கார்ந்தால் சொல்ல வேண்டியது எல்லாமே அட்ஜெக்டிவாக வந்து நிற்கிறது. பழசு, பெரிசு, வட்டம், நீலம், ஸ்வீடன், எனாமல். எது முன்னால், எது பின்னால்?

பள்ளிக்கூடத்தில் ‘பெயர்ச்சொல்லின் தன்மையைச் சொல்வது அட்ஜெக்டிவ்’ என்று மனப்பாடம் செய்தோம். டால், டாலர், டாலஸ்ட் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினோம். ஒரு வாக்கியத்தில் அதை எங்கே உட்காரவைப்பது என்று யாரும் சொன்னதாக நினைவில்லை.

கடைசியாகப் போட்ட மூன்றை மாற்றாமல் தருகிறேன்:

‘ஸ்வீடன் ப்ளூ கலர் ஓல்டு ரவுண்டு ஷேப் பியூட்டிஃபுல் ப்ளேட்.’

‘திஸ் டிபன் கேரியர் வெரி ஸ்ட்ராங். லுக்கிங் பியூட்டிஃபுல்லி.’

‘பர்மா டீக் வுட் பிக் சேர், மோர் ஓல்டர் தேன் 80 இயர்ஸ்.’

மூத்தார் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். இதைப் பார்த்துச் சிரிக்கிறான். எது தப்பு என்று கேட்டால், “கேட்க ஒரு மாதிரி இருக்கு சித்தி” என்பதோடு சரி. அந்த ஒரு மாதிரி என்ன மாதிரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், தமிழில் ‘அழகாக இருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? அழகாக என்றால் பியூட்டிஃபுல்லி என்றுதான் அகராதியிலும் இருக்கிறது. அதில் என்ன குறை?


வைஃபைதம்பி:

அக்கா, இதற்கெல்லாம் இலக்கணம் எதற்கு? தமிழில் எழுதி ஏதாவது ஒரு ஏஐ ஆப்பில் போடுங்கள், அதுவே எழுதிக் கொடுத்துவிடும். உங்கள் தட்டைப் போட்டுப் பார்த்தேன். ‘ஆன் எக்ஸ்க்விசிட், டைம்லெஸ் விண்டேஜ் ட்ரெஷர் தட் எலிவேட்ஸ் எனி ஸ்பேஸ்’ என்று வருகிறது. சூப்பராக இல்லை?


எனாமல்தட்டு:

தம்பி, அதையும் செய்து பார்த்தாயிற்று. தட்டுக்கும் அதே வரி, தூணுக்கும் அதே வரி. அதில் நீலமும் இல்லை, ஸ்வீடனும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் “எலிவேட்ஸ் என்றால் சுவரில் மாட்ட ஆணி சேர்த்துத் தருவீர்களா” என்று கேட்டார். கிண்டலா, உண்மையாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. தவிர, வாடிக்கையாளர் ஃபோனில் கேட்கும்போது நான்தானே பதில் சொல்ல வேண்டும்.


சாக்பீஸ்துண்டு:

அம்மா, நான் சிவகங்கை மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். நீங்கள் மூன்று வாக்கியங்களை அப்படியே கொடுத்தது நல்லதாகப் போயிற்று, பேசுவதற்குப் பிடி கிடைத்தது.

வரிசையைப் பற்றி நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பாதி உங்கள் காதுக்கே தெரியும். ‘அழகான பெரிய பித்தளை அண்டா’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘பித்தளைப் பெரிய அழகான அண்டா’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவது நாக்கில் இடறுகிறதா? எதனால் செய்தது என்பதைப் பொருளின் பெயரோடு ஒட்டி வைக்கிறோம். அழகு, அருமை மாதிரி நம் அபிப்பிராயத்தை வெளிப்பக்கம் தள்ளிவிடுகிறோம். ஆங்கிலமும் அதையேதான் செய்கிறது. பொருளிலேயே ஊறிய குணம் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும், பார்க்கிறவர் மனசில் தோன்றுவது தூரத்தில் நிற்கும்.

நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நடுவில்தான். தமிழில் ‘பழைய பெரிய கதவு’, ‘பெரிய பழைய கதவு’ இரண்டும் ஓடும். ஆங்கிலத்தில் ‘பிக் ஓல்டு டோர்’ மட்டும்தான் இயல்பு. அங்கே அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், நாடு, எதனால் செய்தது, எதற்குப் பயன்படுவது என்று போகும். வயது முன்னாலா வடிவம் முன்னாலா என்பதில் இலக்கணப் புத்தகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தட்டை முழுசாக அடுக்கினால் இப்படி வரும்: ‘எ லவ்லி லார்ஜ் ஓல்டு ரவுண்டு ப்ளூ ஸ்வீடிஷ் எனாமல் டின்னர் ப்ளேட்’. எட்டும் உள்ளே இருக்கிறது. ஆனால் ஆங்கிலேயர் யாரும் இப்படி எழுத மாட்டார். ஒரு பெயருக்கு முன்னால் மூன்று, மிஞ்சினால் நாலு. மீதியை அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளிவிடுங்கள். தட்டு வட்டம் என்பது படத்திலேயே தெரிகிறது, அதைச் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது வரிசை இல்லை, ‘கலர்’, ‘ஷேப்’ என்ற இரண்டு சொற்கள். நாம் ‘நீலக் கலர் தட்டு’, ‘வட்ட வடிவ மேசை’, ‘சின்ன சைஸ் டப்பா’ என்று பேசுகிறோம். ஆங்கிலத்தில் ப்ளூ என்றாலே நிறம்தான், ரவுண்டு என்றாலே வடிவம்தான். ‘எ ப்ளூ ப்ளேட்’, ‘எ ரவுண்டு டேபிள்’, ‘எ ஸ்மால் பாக்ஸ்’. அந்த இரண்டு சொற்களையும் வெட்டினாலே உங்கள் வரி பாதி சரியாகிவிடும். சேலைக் கடை விளம்பரம் முதல் காணாமல்போன நாய்க்குட்டி அறிவிப்பு வரை நம் ஊர் ஆங்கிலத்தில் இந்தக் ‘கலர்’ உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது நாடு. நாம் நாட்டின் பெயரை அப்படியே முன்னால் ஒட்டிவிடுவோம்: ஸ்வீடன் தட்டு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி மார்பிள், ஜப்பான் டைல்ஸ். ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் உருமாற வேண்டும்: ஸ்வீடிஷ் ப்ளேட், பெல்ஜியன் மிரர், இட்டாலியன் மார்பிள், ஜப்பானீஸ் டைல். ஆனால் ஊர்ப் பெயரும் வட்டாரப் பெயரும் பெரும்பாலும் மாறாது, ஆத்தங்குடி டைல், செட்டிநாடு டோர் என்று தாராளமாக எழுதலாம். பர்மா டீக் என்பதும் வியாபாரத்தில் அப்படியே நிலைத்துவிட்ட பெயர். அதை பர்மீஸ் டீக் என்று திருத்தப் போகாதீர்கள், தேடுகிறவர்கள் பர்மா டீக் என்றுதான் தேடுவார்கள். அதில் ‘வுட்’ வேண்டாம். டீக் என்றாலே மரம்.

எதனால் செய்தது என்பதில் ஒரு சின்ன விஷயம். பொதுவாக மரம் என்றால் ‘வுடன் பாக்ஸ்’. பித்தளை, தேக்கு, எனாமல் இவற்றுக்கு அப்படித் தனி உரு கிடையாது, பெயரையே முன்னால் வைத்தால் போதும்: ப்ராஸ் லேம்ப், டீக் சேர். ‘கோல்டன்’ மட்டும் ஆளை ஏமாற்றும். கோல்டன் ஃப்ரேம் என்றால் பெரும்பாலும் பொன்னிற ஃப்ரேம். தங்கத்தால் ஆனது என்று சொல்ல கோல்டு.

இனி உங்கள் இரண்டாவது வாக்கியம். ‘திஸ் டிபன் கேரியர் வெரி ஸ்ட்ராங்.’ தமிழில் ‘இந்தக் கேரியர் ரொம்ப ஸ்ட்ராங்’, ‘இந்த நாற்காலி பெரிசு’ என்றால் வாக்கியம் முடிந்தது, வினைச்சொல்லே தேவையில்லை. அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்தில் ‘இஸ்’ஸைத் தின்றுவிடுகிறது. அட்ஜெக்டிவ் பெயருக்கு முன்னால் வந்தால் இஸ் வேண்டாம், பின்னால் போனால் இஸ் அல்லது ஆர் கட்டாயம் வேண்டும். ‘எ ஸ்ட்ராங் கேரியர்.’ ‘திஸ் கேரியர் இஸ் ஸ்ட்ராங்.’ இந்த இரண்டு இடம்தான் பெரும்பாலும். பின்னால் இரண்டு மூன்று வந்தால் கடைசிக்கு முன் ‘அண்ட்’ போடுங்கள்: ‘தி சேர் இஸ் ஓல்டு அண்ட் ஹெவி.’

இனி பியூட்டிஃபுல்லி. நீங்கள் கேட்டதிலேயே இதுதான் கெட்டிக்காரக் கேள்வி. நம் ‘ஆக’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘அழகாகச் செதுக்கினார்’ என்பதிலும் அது இருக்கிறது, ‘அழகாக இருக்கிறது’ என்பதிலும் அது இருக்கிறது. முதலாவதில் செதுக்கிய வேலை அழகு. இரண்டாவதில் பொருள் அழகு. ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. வேலையைச் சொன்னால் லி சேரும், பொருளைச் சொன்னால் சேராது. இஸ் மட்டுமல்ல, லுக்ஸ், ஃபீல்ஸ், ஸ்மெல்ஸ், டேஸ்ட்ஸ், சவுண்ட்ஸ், சீம்ஸ் என்று எதுவும் செய்யாமல் ஒன்று எப்படி இருக்கிறது, எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் சொல்கிற வினைகளுக்குப் பிறகும் அட்ஜெக்டிவ்தான் வரும். ‘இட் லுக்ஸ் பியூட்டிஃபுல்.’ ‘தி சர்ஃபேஸ் ஃபீல்ஸ் ஸ்மூத்.’ வகுப்பில் பிள்ளைகள் ‘தி சாம்பார் டேஸ்ட்ஸ் நைஸ்லி’ என்று எழுதுவார்கள், ‘நைஸ்’ என்று திருத்தித் திருத்திச் சிவப்பு மை தீர்ந்ததுதான் மிச்சம். ‘லுக்கிங்’ என்று இழுக்கவும் வேண்டாம், லுக்ஸ் போதும்.

உங்கள் கடைக்கு அந்த லி ஓர் இடத்தில் பிரமாதமாகப் பயன்படும். ‘எ பியூட்டிஃபுல்லி கார்வ்டு டீக் டோர்.’ அங்கே பியூட்டிஃபுல்லி கதவைப் பற்றிப் பேசவில்லை, கார்வ்டு என்ற வேலையைப் பற்றிப் பேசுகிறது. ‘எ நீட்லி ரிப்பேர்டு சேர்’, ‘எ ஃபைன்லி பெயின்டட் ஜார்’ எல்லாம் இதே வகை.

மூன்றாவது வாக்கியத்தில் ‘மோர் ஓல்டர்’. தமிழில் ஒப்பிட்டால் ‘அதைவிடப் பழசு’ என்போம், பழசு அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் சின்னச் சொல்லுக்கு வாலில் ‘அர்’, பெரிய சொல்லுக்கு முன்னால் ‘மோர்’. இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. ஓல்டர், மோர் பியூட்டிஃபுல். ஆனால் நீங்கள் இங்கே எதையும் ஒப்பிடவில்லையே, வயதைத்தானே சொல்கிறீர்கள்? ‘திஸ் சேர் இஸ் ஓவர் 80 இயர்ஸ் ஓல்டு.’ அதையே பெயருக்கு முன்னால் கொண்டுவந்தால் ‘ஆன் 80-இயர்-ஓல்டு சேர்’. இயர்ஸில் இருந்த எஸ் போய்விட்டது, நடுவில் கோடு வந்துவிட்டது, எய்ட்டி உயிர் ஒலியில் தொடங்குவதால் எ போய் ஆன் வந்துவிட்டது. நூறு ரூபாய்த் தாளை ‘ஹண்ட்ரட்-ருப்பீ நோட்’ என்பதும் இதே கணக்கு.

மூன்றையும் திருத்தி இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.


ஜன்னல்கம்பி:

சார் சொன்ன பிறகு இலக்கணத்தில் எனக்கு வேலை இல்லை. வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கோயம்புத்தூரில் பழைய மாதிரி வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கதவு, ஜன்னல், பூட்டு எல்லாம் ஆன்லைனில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது.

அக்கா, ‘பியூட்டிஃபுல்’ எழுதாதீர்கள். அழகா இல்லையா என்று படத்தைப் பார்த்து நானே முடிவு செய்துகொள்வேன். படத்தில் தெரியாததைச் சொல்கிற அட்ஜெக்டிவ்தான் எனக்கு வேண்டும். எனாமல் பெயர்ந்திருந்தால் சிப்டு. விரிசல் விட்டிருந்தால் க்ராக்டு. ஒடுக்கு விழுந்திருந்தால் டென்டட். துருப்பிடித்திருந்தால் ரஸ்டி. சாயம் மங்கியிருந்தால் ஃபேடட். பாலிஷ் போட்டிருந்தால் ரீபாலிஷ்டு. ஒட்டுப் போட்டது ரிப்பேர்டு. மூடி இல்லை என்றால் ‘தி லிட் இஸ் மிஸ்ஸிங்’. இதையெல்லாம் எழுதினால் வாங்க மாட்டார்கள் என்று நினைப்பீர்கள். நேர்மாறு. ‘தி ரிம் இஸ் ஸ்லைட்லி சிப்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தால், மிச்ச இடமெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பி அவரிடம்தான் வாங்குவேன்.

இந்தச் சொற்களில் நிறைய ‘எட்’ வாலோடு இருப்பதைக் கவனித்தீர்களா? ஏற்கெனவே நடந்து முடிந்தது பொருளின் மேல் படிந்து நிற்கிறது. க்ராக்டு ஜார் என்றால் விரிசல் விட்ட ஜாடி. ‘க்ராக்கிங் ஜார்’ என்று எழுதினால் பார்சலில் வரும்போதே விரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். மனுஷரைப் பற்றிப் பேசும்போதும் இதுதான். ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன் திஸ் டோர்’ என்று வாடிக்கையாளர் எழுதுவார். ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்று அவர் எழுதினால் அவர் தன்னைப் பற்றிப் பெருமை பேசுகிறார்.

இன்னொரு சொல் ‘சாலிட்’. ஓர் ஆன்லைன் கடையில் ‘டீக் டோர்’ என்று பார்த்து வாங்கினேன். வந்து சேர்ந்ததும் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் ப்ளைவுட் மேல் காகிதம் மாதிரி மெல்லிசாகத் தேக்கு ஒட்டியிருக்கிறது. திருப்பி அனுப்புகிற செலவு கதவு விலையில் கால்வாசி. உங்களுடையது முழுத் தேக்கு என்றால் ‘சாலிட் டீக்’ என்று எழுதுங்கள், அந்த ஒரு சொல்லுக்காகவே நாங்கள் தேடுகிறோம். ‘டீக் ஃபினிஷ்’ என்றால் தேக்கு மாதிரி பூச்சு மட்டும்தான்.

அளவை அட்ஜெக்டிவை நம்பி விடாதீர்கள். ‘பிக்’ என்றால் எவ்வளவு? ‘எ 12-இன்ச் ப்ளேட்’ என்றோ ‘தி ப்ளேட் இஸ் 12 இன்ச்சஸ் வைடு’ என்றோ போட்டுவிடுங்கள். சார் சொன்ன அதே கணக்குதான், முன்னால் வந்தால் இன்ச், பின்னால் போனால் இன்ச்சஸ். குத்துவிளக்கு, தூண் இவற்றின் உயரத்துக்கு டால்.


பார்சல்கட்டு:

நான் சென்னையில் ஏற்றுமதிப் பார்சல் வேலை பார்க்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு அட்ஜெக்டிவ் மட்டும் சட்டத்தில் போய் முட்டும், அதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஆன்டிக்.’

1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொல்பொருள் கணக்கில் வரும். அறிவியல், இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உள்நாட்டில் வியாபாரம் செய்யவே உரிமம் வேண்டும். ஒரு பொருள் தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்க வேண்டியிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் போக வேண்டும்.

இப்போது நீங்கள் 60 வருஷத்து நாற்காலிக்கு அலங்காரமாக ‘ஆன்டிக் சேர்’ என்று எழுதி, அதையே பில்லிலும் போட்டு, யாராவது பாரிஸுக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். நூறு ஆகாதது என்று உறுதியாகத் தெரிந்தால் ‘விண்டேஜ்’ என்றோ சும்மா ‘ஓல்டு’ என்றோ எழுதுங்கள், தெரிந்த வயதையும் சேர்த்து எழுதுங்கள். நூறு தாண்டியிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் பெயரை மாற்றி எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், முதலில் சான்று. புதிதாகச் செய்து பழசு மாதிரி கறுக்க வைத்தது என்றால் ‘ஆன்டிக்-ஸ்டைல்’, அது வேறு கதை.

எனாமல் சாமானில் அடியில் இருக்கிற முத்திரையைப் படம் எடுத்துப் போடுங்கள். ‘மேட் இன் செக்கோஸ்லோவாகியா’ என்று இருந்தால் 1918-க்கு முன்னால் செய்திருக்க முடியாது, அந்த நாடே அந்த வருஷம்தான் உருவானது. 1992-ஓடு நாடும் முடிந்துவிட்டது. அட்ஜெக்டிவாக எழுதும்போது ‘செக்கோஸ்லோவாக் எனாமல்’. வாயில் நுழையாவிட்டால் ‘எனாமல் ப்ளேட், மேட் இன் செக்கோஸ்லோவாகியா’ என்று பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் சரிதான்.


எனாமல்தட்டு:

எல்லோருக்கும் நன்றி. பார்சல்கட்டு அண்ணன் சொன்னதைக் காட்டியதும் என் வீட்டுக்காரர் போர்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். போர்டில் பெரிய எழுத்தில் ‘ஆன்டிக்ஸ்’ என்றுதான் இருக்கிறது. இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான். அது இருக்கட்டும், சாமான் விவரத்தில் இனி வயது தெரியாமல் அந்தச் சொல்லைப் போடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். முத்திரையையும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

சார், மூன்றையும் திருத்தியிருக்கிறேன்.

‘எ லார்ஜ் ஓல்டு ப்ளூ, ஒயிட் ஸ்வீடிஷ் எனாமல் ப்ளேட். தி ப்ளேட் இஸ் 12 இன்ச்சஸ் வைடு. தி ரிம் இஸ் ஸ்லைட்லி சிப்டு.’

‘எ ஹெவி ஃபோர்-டியர் ப்ராஸ் டிபன் கேரியர். தி லிட் இஸ் ஒரிஜினல். தி ஹேண்டில் இஸ் ரீப்ளேஸ்டு.’

‘எ பியூட்டிஃபுல்லி கார்வ்டு சாலிட் பர்மா டீக் ஆர்ம்சேர். இட் இஸ் ஓவர் 80 இயர்ஸ் ஓல்டு. ஃப்யூ ஸ்மால் ஸ்மால் ஸ்க்ராட்சஸ் ஆர் தேர்.’

சந்தேகம் இரண்டு. நடுவில் கமா எங்கே போடுவது? ஒரு இடத்தில் போட்டிருக்கிறேன், ஏன் போட்டேன் என்று கேட்டால் பதில் இல்லை. அப்புறம், சின்னச் சின்னக் கீறல் என்பதற்கு ஸ்மால் ஸ்மால் என்று எழுதலாமா? ஒரு கீறல் இல்லை, அங்கங்கே இருக்கிறது.


சாக்பீஸ்துண்டு:

அம்மா, இதை என் பழைய ஒன்பதாம் வகுப்பில் எழுதியிருந்தால் பக்கத்து வகுப்புக்கு எடுத்துப்போய்க் காட்டியிருப்பேன்.

கமாவுக்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு அட்ஜெக்டிவை இடம் மாற்றிப் பாருங்கள், அல்லது நடுவில் அண்ட் போட்டுப் பாருங்கள். வாக்கியம் கெடவில்லை என்றால் கமா போடலாம். ‘எ ரேர், பியூட்டிஃபுல் லேம்ப்’ என்பதை ‘பியூட்டிஃபுல், ரேர்’ என்றும் மாற்றலாம், இரண்டும் ஒரே வகை அபிப்பிராயம். ‘ஓல்டு ஸ்வீடிஷ் எனாமல்’ என்பதை மாற்ற முடியாது, நடுவில் அண்ட் போடவும் முடியாது, அதனால் கமா கிடையாது. நீங்கள் போட்ட இடம் நிறம். ஒரே பொருளில் இரண்டு நிறம் சேர்ந்திருந்தால் அண்ட்தான் வழக்கம்: ‘எ லார்ஜ் ஓல்டு ப்ளூ அண்ட் ஒயிட் ஸ்வீடிஷ் எனாமல் ப்ளேட்’. இதுவே கொஞ்சம் நீளம்தான். ‘ஓல்டு’ பழைய சாமான் கடையில் சொல்லாமலே தெரியும், வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். 12 இன்ச் என்று சொல்லிவிட்ட பிறகு ‘லார்ஜ்’ஜும் அவ்வளவு அவசியமில்லை.

‘தி ஹேண்டில் இஸ் ரீப்ளேஸ்டு’ புரியும், ஆனால் ‘தி ஹேண்டில் ஹேஸ் பீன் ரீப்ளேஸ்டு’ என்பதுதான் இயல்பு. மாற்றிய வேலை எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

ஸ்மால் ஸ்மால் வேண்டாம். ‘சூடாகச் சூடாக’, ‘சின்னச் சின்ன’, ‘பெரிய பெரிய’ என்று இரட்டித்துப் பல என்றோ மிகுதி என்றோ காட்டுவது நம் வழக்கம். இந்திய ஆங்கிலத்தில் ‘ஹாட் ஹாட் காஃபி’ என்று பேசினால் நமக்குள் புரியும். வெளியாருக்கு எழுதும்போது ஒரு ஸ்மால் போதும், பன்மையை ஸ்க்ராட்சஸில் இருக்கிற வால் காட்டிவிடும்.

அதைவிட முக்கியம் ஃப்யூ. முன்னால் ‘எ’ இல்லாமல் ‘ஃப்யூ ஸ்க்ராட்சஸ்’ என்றால் கீறல் அநேகமாக இல்லை என்று அர்த்தம். ‘எ ஃப்யூ ஸ்க்ராட்சஸ்’ என்றால் அங்கங்கே சில இருக்கின்றன. வாங்கியவர் வந்து சண்டை போடுவதும் போடாததும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. துருவுக்கும் இப்படித்தான், ‘லிட்டில் ரஸ்ட்’ என்றால் இல்லை என்கிற மாதிரி, ‘எ லிட்டில் ரஸ்ட்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது. ஆகவே, ‘தேர் ஆர் எ ஃப்யூ ஸ்மால் ஸ்க்ராட்சஸ் ஆன் தி சீட்.’ ‘ஆர் தேர்’ என்று கடைசியில் விடாமல் ‘தேர் ஆர்’ என்று முன்னால் கொண்டுவாருங்கள். எங்கே கீறல் என்பதையும் சொல்லிவிடுங்கள், சீட்டிலா, கையிலா, முதுகிலா.


ஜன்னல்கம்பி:

அக்கா, அந்த நாலடுக்குப் பித்தளைக் கேரியர் இன்னும் இருக்கிறதா? அடுக்குக்குள் ஈயம் பூசியது இருக்கிறதா, போய்விட்டதா?


எனாமல்தட்டு:

இருக்கிறது தம்பி. ஈயம் மேல் அடுக்கில் போய்விட்டது, மற்ற மூன்றிலும் இருக்கிறது. புதிதாகப் பூசித் தரச் சொன்னால் தருவோம், அதற்குத் தனிக் கூலி. சார், ‘ஈயம் பூசிய’ என்பதற்கும் எட் வால் அட்ஜெக்டிவ் இருக்குமே?


சாக்பீஸ்துண்டு:

டின்டு, டின்னோடு எட் வால். ‘த்ரீ ஆஃப் தி ஃபோர் டியர்ஸ் ஆர் ஸ்டில் டின்டு’ என்று போடுங்கள். இங்கே ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம், அதனால் ‘லெட்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது காரீயம். சாப்பாட்டுப் பாத்திரத்தில் அதைப் பார்த்தால் ஆள் ஓடிவிடுவார்.